28 மாத்திரை

13 டிசம்பர் 2024, வெள்ளி

கார்த்திகை. வாசலில் விளக்கு நிற்கவில்லை. காற்று, தூறல். அத்தை விடாமல் மறுபடி மறுபடி ஏற்றினாள். திரி எங்கே சுடர் எங்கே என்று தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்டாள். வலிக்கவில்லை என்கிறாள். கண்ணை இனியும் தள்ளிப்போட முடியாது.

தாமிரபரணியில் வெள்ளமாம். போன வருஷம் மாதிரி ஆகிவிடாமல் ஜக்கம்மாதான் பார்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக் குப்பை: மஞ்சள் பை 14 கிலோ. சிவப்பு 3. குப்பை வண்டி வரவில்லை. நேற்றும் இல்லை. 48 மணி நேரக் கணக்கு நாளைக் காலையோடு சரி. அதற்கு மேல் பையை வைத்திருக்கக் கூடாது. வைத்திருக்காமல் எங்கே கொண்டுபோக?

செருப்பெல்லாம் கரிசல் சேறு. முதுகு வலி.

14 டிசம்பர், சனி

குப்பை அள்ளுகிற அக்காவுக்கு ஊசி குத்திவிட்டது.

மஞ்சள் பையைக் கட்டித் தூக்கும்போது. வலது கை நடுவிரல். அந்தப் பையில் ஊசியே இருக்கக் கூடாது. ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, அதுகள்தான். ஊசி வெட்டுப்பட்டு வெள்ளை டப்பாவுக்குப் போயிருக்க வேண்டும். யாரோ சிரிஞ்சோடு அப்படியே போட்டிருக்கிறார்கள்.

விரலைப் பிதுக்கப் போனாள். பிதுக்காதீங்க என்று கத்திவிட்டேன். சோப்பு. ஓடுகிற தண்ணீர். "எதுக்கு சிஸ்டர் இப்படிப் பதறுதீய, முள்ளு குத்துனாப்லதான" என்கிறாள். அவள் கை நடுங்கவில்லை. என் கைதான்.

பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ. ரோடெல்லாம் தண்ணீர். எச்.ஐ.வி. வராமல் தடுக்கிற மாத்திரை, இரண்டு மணி நேரத்துக்குள் முதலாவது உள்ளே போனால் நல்லது. நாலு மணி நேரம் ஆகிவிட்டது. 72-க்குள் என்பதால் பரவாயில்லை என்றார்கள். பரவாயில்லை. 28 நாள், தினம் ஒன்று. மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசியும் முதல் தவணை போட்டார்கள். இத்தனை வருஷமாகக் குப்பை தூக்குகிறவளுக்கு இன்றைக்குத்தான் முதல் தவணை. 2016 ஆஸ்பத்திரிக் குப்பை விதியிலேயே இருக்கிறது, குப்பையைத் தொடுகிற எல்லோருக்கும் போட வேண்டும் என்று. எனக்கு வேலையில் சேர்ந்த மாதமே போட்டார்கள்.

மாத்திரை 1.

15 டிசம்பர், ஞாயிறு

தூக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம், மூன்றாம் நம்பர் கட்டில். வலிப்பு வந்த பையன். ஊசி போட்டது நான். சிரிஞ்சை எங்கே வைத்தேன்? கிட்னி டிரேயில் வைத்தது ஞாபகம் இருக்கிறது. பையனின் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதது ஞாபகம் இருக்கிறது. டிரே அப்புறம் எங்கே போனது?

யாருடைய ஊசி என்று தெரியவில்லை என்றுதான் ரிஜிஸ்டரில் எழுதினேன். தெரியாதுதான்.

நோய் உள்ளவருக்குப் போட்ட ஊசியாக இருந்தால் எச்.ஐ.வி. ஆயிரத்தில் மூன்று. காமாலை 'பி' என்றால், தடுப்பூசி போடாதவருக்கு நூறில் முப்பது வரை. பாடத்தில் படித்தபோது இது வெறும் எண்.

மாத்திரை 2. போன் போட்டேன். "போட்டாச்சு, போட்டாச்சு." தலை சுற்றுகிறதாம்.

16 டிசம்பர், திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. நாலரைக்கு எழுந்து கோலம். அத்தை பூசணிப்பூவைக் கொண்டுவந்து கோலத்துக்கு வெளியே வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரியாமல் நகர்த்தி உள்ளே வைத்தேன். "என்ன கலர்ல கோலம் போட்டிருக்க தாயி" என்றாள். வெறும் வெள்ளைதான் போட்டிருந்தேன்.

வண்டி வந்தது. தேங்கின பைகள் எல்லாம் போயின. எல்லாம் என்று நினைத்தேன். ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் கரிவட்டம். சாம்பலுக்குள் உருகின குளுக்கோஸ் குழாய். ராத்திரியில் கொளுத்தியிருக்கிறார்கள். பிரசவ வார்டு ஜன்னல் அந்தப் பக்கம்தான்.

பி.வி.சி. எரிந்தால் டயாக்ஸின். உடம்புக் கொழுப்பில் தங்கும். தாய்ப்பாலில் இறங்கும். அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பிறந்து மூன்று நாளான பிள்ளை.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.

மாத்திரை 3. மஞ்சள் 13.

17 டிசம்பர், செவ்வாய்

வார்டில் எல்லோர் கையிலும் ஒரே படம். நடுக்கல்லூர், கோடகநல்லூர். கேரளத்து ஆஸ்பத்திரிக் குப்பையை லாரியில் கொண்டுவந்து நம் காட்டிலும் குளத்துப் பக்கமும் கொட்டியிருக்கிறார்கள். சிரிஞ்சு, ரத்தம் எடுத்த குழாய், நோயாளி பெயர் போட்ட சீட்டு. திருவனந்தபுரம் பேர் தெளிவாகத் தெரிகிறது. மாடு மேய்கிற இடம்.

எனக்கும் வயிறு எரிந்தது. அவர்கள் ஊரில் வைத்துக்கொள்ள முடியாதது எங்கள் ஊருக்கு ஆகுமா? அப்புறம் ஜெனரேட்டர் ஷெட் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். டீ ஆறிப்போனது.

மாத்திரை 4. அக்காவுக்குக் குமட்டல். வேலைக்கு வந்துவிட்டாள். வராவிட்டால் கூலி இல்லை.

18 டிசம்பர், புதன்

போன வருஷம் இதே நாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் கீழ்த்தளத்தில் இடுப்புக்குத் தண்ணீர். கரண்டு இல்லை. சிவப்புப் பையும் மஞ்சள் பையும் காரிடாரில் மிதந்து வந்தன. ஒரு பை என் இடுப்பில் வந்து இடித்தது. அதைத் தள்ளிவிட்டுவிட்டுக் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தேன். தண்ணீர் வடிந்தபோது பைகள் இல்லை. எங்கே போயிருக்கும். பக்கிள் ஓடை. அங்கேயிருந்து திரேஸ்புரம். அங்கேயிருந்து கடல்.

அக்கா வீடு திரேஸ்புரம். அவள் அப்பா சங்கு குளித்தவர். தாத்தா முத்துக் குளித்தவர். கடைசி முத்துக்குளிப்பு 1961-இல். அதற்கப்புறம் சிப்பியும் இல்லை, முத்தும் இல்லை. தம்பி இப்போதும் சங்குக்குப் போகிறான். கொரோனாவுக்கு அப்புறம் அடியில் மாஸ்க் கிடக்கிறது என்று சொன்னானாம். கைக்கு ஜெல்லி மீன் மாதிரித் தட்டுப்படுமாம்.

மாத்திரை 5. மஞ்சள் 14. குறையவே மாட்டேன் என்கிறது.

19 டிசம்பர், வியாழன்

பசுமைத் தீர்ப்பாயம் கேரளாவுக்கு மூன்று நாள் கொடுத்திருக்கிறது. திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லி. சந்தோஷம். உண்மையிலேயே சந்தோஷம்.

இன்று மஞ்சள் பை ஒன்றைக் கிளவுஸ் போட்டு, இடுக்கியால் பிரித்துப் பார்த்தேன். கூடாது, தெரியும். கிளவுஸ் கவர், சிரிஞ்சு அட்டை, பிஸ்கட் தாள், இட்லிப் பொட்டலம், குளுக்கோஸ் பாட்டிலின் வெளிக்கவர். பாதிக்கு மேல் வெறும் குப்பை. ஆஸ்பத்திரிக் குப்பையில் நூற்றுக்கு 85 சாதாரணக் குப்பைதான் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதை ரத்தத்தோடு சேர்த்துக் கட்டினால் மொத்தமும் விஷம், மொத்தமும் சூளைக்கு. டீசல் ஊற்றி இட்லித்தாளை எரிக்கிறோம்.

ஊசி இல்லை அந்தப் பையில். கடைசி வரை தேடினேன்.

மாத்திரை 6.

20 டிசம்பர், வெள்ளி

லீவு. அத்தையோடு திருநெல்வேலி, அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. வழியெல்லாம் காற்றாலை, ஒன்றும் சுற்றவில்லை. மார்கழியில் காற்று ஏது. அனல்மின் நிலையம் மட்டும் புகைந்துகொண்டிருக்கும். எங்கள் ஓ.டி. ஏ.சி. ஓடுவது அந்தப் புகையில்தான்.

அத்தை முப்பது வருஷம் வேப்பலோடை உப்பளத்தில். வெள்ளை மேல் வெயில். கண்ணாடி யாரும் கொடுக்கவில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உப்பு வாரினாள்.

பாயில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். துவைத்த துணிக் கவுன். வெளுத்து மெலிந்த துணி, ஆனால் சுத்தம். எங்களிடம் எல்லாம் ஒரு தடவை போட்டு எறிகிற பச்சைக் காகிதக் கவுன். என் கண் நோயாளிகளைப் பார்க்கவில்லை, குப்பைத் தொட்டியைத்தான் பார்த்தது. தொட்டி சின்னது.

2017-இல் வந்த ஆய்வு. அரவிந்தில் ஒரு கண்புரை ஆபரேஷனுக்கு 6 கிலோ கார்பன். இங்கிலாந்தில் ஆவதில் 5 சதவீதம். குப்பை 250 கிராம், அதிலும் மூன்றில் இரண்டு பங்கு மறுசுழற்சிக்கு. கிருமித் தொற்று கூடவில்லை. சிக்கனம் என்றால் ஏழைக்குக் குறைந்த வைத்தியம் என்று நினைத்திருந்தேன், வேலையில் சேர்ந்த புதிதில்.

அத்தையிடம் சொன்னேன், இதைத் தொடங்கிய வெங்கடசாமி டாக்டர் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துக்காரர். ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தார், முடக்குவாதத்தில் விரலெல்லாம் கோணியிருந்தும் அந்தக் கையாலேயே ஆபரேஷன் செய்தார் என்று. "நம்ம பக்கத்துப் பிள்ளையா" என்று இரண்டு தடவை கேட்டாள். பயம் குறைந்த மாதிரி இருந்தது.

மாத்திரை 7. ஆஸ்பத்திரி வாசலில் நின்று போன் போட்டேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள்.

21 டிசம்பர், சனி

கட்டுப் பிரித்தார்கள். அத்தை முதலில் சுவரைப் பார்த்தாள். அப்புறம் என்னை. "உனக்கு இம்புட்டு நரை விழுந்துட்டா தாயி."

அழுகை வந்துவிட்டது. நரைக்காக இல்லை.

மாத்திரை 8.

22 டிசம்பர், ஞாயிறு

கேரள லாரிகள் வந்துவிட்டன. டிவியில் பார்த்தேன். கிளவுஸ், மாஸ்க், முழுக் கவசம் போட்ட ஆட்கள் நடுக்கல்லூரில் அள்ளுகிறார்கள். அள்ளுகிற ஆளின் முகத்தை யாரும் காட்டவில்லை. அவர்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்குமா.

அத்தை சொட்டு மருந்தைத் தானே போட்டுக்கொள்வேன் என்று பிடிவாதம். பாதி கன்னத்தில். திட்டிவிட்டேன். திட்டியிருக்கக் கூடாது.

மாத்திரை 9.

23 டிசம்பர், திங்கள்

நிர்வாகி சாரிடம் போனேன். கைக்குட்டை நனைந்துவிட்டது, அவ்வளவு வியர்வை. கொளுத்துவதைச் சொன்னேன். "எழுத்துல குடுங்க சிஸ்டர்." எழுதிக் கொடுத்தேன். அக்கா ஊசி பற்றியும். யாருடைய ஊசி என்ற இடத்தில் பேனா நின்றது. 'தெரியவில்லை.' மறுபடியும்.

மாத்திரை 10. மஞ்சள் 14.

24 டிசம்பர், செவ்வாய்

ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் சாதாரணக் குப்பைக்கு ஒரு கருப்பு வாளி வைத்தேன். என் காசு. ஊசி வெட்டும் மெஷினை டிரேயோடு கட்டிலுக்கே கொண்டுபோக வேண்டும் என்று சின்ன நர்ஸ் பிள்ளைகளிடம் சொன்னேன். போட்ட இடத்திலேயே வெட்டு. நடந்துபோய் வெட்டலாம் என்று நினைக்காதே. நடுவில் ஒரு அம்மா அழுவாள்.

கடைசி வரியை அவர்களிடம் சொல்லவில்லை.

மாத்திரை 11. மஞ்சள் 11!

25 டிசம்பர், புதன்

அக்கா அச்சுமுறுக்கும் கலகலாவும் கொண்டுவந்தாள். நள்ளிரவுப் பூசைக்குப் பனிமய மாதா கோவில் போனாளாம், நடுவில் வெளியே வந்து வாந்தி. "மாத்திரைய விட்டுரவா சிஸ்டர்?" விடக்கூடாது. இன்னும் பதினாறு. விரலில் எண்ணிக் காட்டினேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லையாம். இந்த மாத்திரை என்ன மாத்திரை என்று தெரிந்தால் மருமகள் தட்டைத் தனியாக வைப்பாளாம்.

முறுக்கு நன்றாக இருந்தது. நாலு தின்றேன்.

மாத்திரை 12.

27 டிசம்பர், வெள்ளி

கிளவுஸ். மாத்திரை கொடுக்க ஒரு ஜோடி, பிபி பார்க்க ஒரு ஜோடி, போர்வை மாற்ற ஒரு ஜோடி. ரத்தம், சளி தொடாத வேலைக்குக் கை கழுவினால் போதும். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இதை மட்டும் சரிசெய்து ஒரே வருஷத்தில் 21 டன் பிளாஸ்டிக் குறைத்தார்கள். கூட்டத்தில் சொன்னேன். தலையாட்டினார்கள்.

எங்களுக்கு மெல்லிய கிளவுஸ் பெட்டி பெட்டியாக. அக்காவுக்கு ஒரு தடித்த ரப்பர் கிளவுஸ் இல்லை. எங்களிடம் மிச்சம் பிடித்து அவளுக்கு வாங்கச் சொன்னேன். அதற்கும் எழுத்தில் கொடுக்க வேண்டுமாம்.

மாத்திரை 14. பாதி.

30 டிசம்பர், திங்கள்

ஓ.டி. ஆள் இல்லாமல் அமைதியாக இருந்தது. அப்போதுதான் கேட்டது. ஸ்ஸ். பைப் மூட்டில். மயக்க வாயு, நைட்ரஸ் கசிகிறது. எத்தனை மாதமாகவோ. கரியமில வாயுவைவிட 273 மடங்கு சூடேற்றும், நூறு வருஷத்துக்கு மேல் ஆகாயத்தில் இருக்கும். யாருக்கும் மயக்கம் கொடுக்காமலே போய்க்கொண்டிருக்கிறது. வாசனைகூடப் பெரிதாக இல்லை, லேசாக இனிப்பு.

மயக்க டாக்டர் வந்து காது வைத்துக் கேட்டார். பைப்பை மூடிவிட்டு, வேண்டும்போது மட்டும் சின்ன சிலிண்டர் என்றார். ஒரு வார்த்தை எதிர்ப்பேச்சு இல்லை. டெஸ்ஃப்ளூரேன் என்கிற மயக்க மருந்து அதைவிட மோசம், ஸ்காட்லாந்தில் 2023-லேயே நிறுத்திவிட்டார்கள் என்றும் சொன்னார். இவ்வளவு நாள் இவரிடம் பேசாமல் இருந்தேனே.

மாத்திரை 17. மஞ்சள் 10. சிவப்பு 5. குழாயெல்லாம் இப்போதுதான் சிவப்புக்குப் போகிறது.

1 ஜனவரி 2025, புதன்

இரவு டூட்டி. பன்னிரண்டு மணிக்குத் துறைமுகத்தில் கப்பல் சங்கு. எல்லாக் கப்பலும் சேர்ந்து. நோயாளிகள் எழுந்துவிட்டார்கள்.

போனில் படித்தேன்: உலகம் விடுகிற சூட்டுவாயுவில் 4.4 சதவீதம் மருத்துவத் துறையுடையது. ஒரு நாடாக இருந்தால் ஐந்தாவது இடம். அதில் பெரும்பங்கு நாங்கள் வாங்கிக் குவிக்கிற பொருளில். மூடி வைத்துவிட்டேன். என் கணக்கு மஞ்சள் 10. அதைக் குறைக்கிறேன்.

மாத்திரை 19.

3 ஜனவரி, வெள்ளி

ஸ்டோரில் பழைய பாதரச பிபி மெஷின் ஆறு. ஒன்று உடைந்து தரை இடுக்கில் வெள்ளி மணி. ஜன்னலைத் திறந்து, ஃபேனை நிறுத்தி, அட்டையால் ஒதுக்கி, தண்ணீர் உள்ள பாட்டிலில் பிடித்தேன். படிக்கிற காலத்தில் தெர்மாமீட்டர் உடைந்தால் உள்ளங்கையில் உருட்டி விளையாடுவோம். யாரும் தடுக்கவில்லை. அது 2001. அதே வருஷம்தான் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை மூடினார்கள். பழைய சாமான் கடையில் பாதரசக் கண்ணாடி குவிந்து கிடந்தது. வேலை பார்த்த 591 பேருக்கு ஒப்பந்தம் ஆக 2016 ஆகிவிட்டது. காய்ச்சல் பார்க்கிற குச்சிக்காக.

வீட்டில் இவர் கேட்டார், ஏன் இவ்வளவு நேரம் கை கழுவுகிறாய் என்று.

மாத்திரை 21. ஏழுதான் பாக்கி.

5 ஜனவரி, ஞாயிறு

மறுபடி கொளுத்தியிருக்கிறார்கள். நேற்று ராத்திரி. வாசலிலேயே மூக்கில் ஏறியது, பேனா ரீஃபில் எரிந்த நாற்றம். தொண்டை இன்னும் கரகர.

வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் சண்டை. "வண்டி வரலைன்னா நான் என்னம்மா செய்ய? நாய் இழுத்துட்டுப் போய் ரோட்ல போடுது. அப்பவும் என்னைத்தான் கேப்பாவ." அவர் சொன்னதும் நியாயம். நாய் நுழையாதபடி பூட்டுப் போட்ட அறை இல்லை. விதியில் இருக்கிறது. எங்களிடம் தகரக் கதவு, கொண்டி இல்லாமல்.

ஒன்றும் மாறவில்லை. எல்லாம் வீண்.

மாத்திரை 23.

6 ஜனவரி, திங்கள்

கொண்டியும் பூட்டும் வாங்கினேன். இவர் வந்து மாட்டிக் கொடுத்தார். அண்ணாச்சி ஸ்குரூ பிடித்தார். சாவி அவரிடம்.

மஞ்சள் 8.

மாத்திரை 24.

8 ஜனவரி, புதன்

அக்காவிடம் சொன்னேன். அது என் ஊசியாக இருக்கலாம் என்று. பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"நீங்கதான ஆட்டோல கூட வந்தீய."

அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த பையைத் தூக்கும் முன்னால், "இதுல ஊசி இல்லேல்லா சிஸ்டர்?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நானே தூக்கிக்கொண்டு போனேன். லேசாகத்தான் இருந்தது.

மாத்திரை 26.

9 ஜனவரி, வியாழன்

அத்தை தனியாக ஓட்டப்பிடாரம் பஸ் ஏறிப் போய்விட்டு வந்திருக்கிறாள். போர்டைப் படித்தாளாம். இரண்டாவது கண் மாசியில்.

தடித்த கிளவுஸ் வந்துவிட்டது. இரண்டு ஜோடி. சைஸ் பெரிசு.

27.

10 ஜனவரி, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. காலையில் அத்தை பூசணிப்பூவை நடுக்கோலத்தில் குத்தினாள். சரியாக நடுவில். "இதென்ன இம்புட்டு மஞ்சளா இருக்கு" என்று உட்கார்ந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸை விட்டுவிட்டேன்.

மாத்திரை 28. அக்கா என் முன்னால்தான் விழுங்கினாள். தண்ணீர் குடித்துவிட்டுக் காலி டப்பாவைக் குலுக்கிக் காட்டினாள். ரத்தப் பரிசோதனை 25-ஆம் தேதி. அப்புறம் மார்ச்சில். அப்புறம் ஜூனில். காமாலை ஊசி இரண்டாவது தவணை சரியாகப் பொங்கலன்று வருகிறது. மறுநாள் போகலாமா என்று விசாரிக்க வேண்டும்.

மஞ்சள் 8. சிவப்பு 6. வெள்ளை டப்பா முக்கால். வண்டி வந்தது.